சிடிஏபி + டிடிஏபி கலவை: பாலிமர் போட்டால் இரண்டு வளைவு ஏன்?

நுரைப்பிரியன்: சிடிஏபி, டிடிஏபி இரண்டையும் (நேர்மின் தலையும் நீரை ஒதுக்கும் வாலும் கொண்ட சோப்பு மாதிரிப் பொருள்கள்) சம மோலாகக் கலந்து 30 டிகிரியில், செறிவை ஏற்றிக்கொண்டே கடத்துத்திறன் அளக்கிறேன். வெறும் தண்ணீரில் 1.7 மில்லிமோலார் பக்கம் வரைபடத்தில் ஒரே வளைவுதான். சோடியம் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் என்ற எதிர்மின் பாலிமரைக் கொஞ்சம் சேர்த்தால் வெகு முன்பே ஒரு வளைவு வருகிறது, அப்புறம் கலங்கல், கடைசியில் இன்னொரு வளைவு. எதை சிஎம்சி (மைசெல் என்ற மூலக்கூறு திரள்கள் உருவாகத் தொடங்கும் செறிவு; செல்லுலோஸின் சுருக்கம் இல்லை) என்று எடுப்பது?

கூழ்மம்: தண்ணீர் மதிப்பு சரிதான். தனியாக சிடிஏபிக்குச் சுமார் 0.9, டிடிஏபிக்கு 15. தனி மதிப்புகளிலிருந்து இலட்சியக் கலவையின் சிஎம்சியைத் தரும் கிளின்ட் சமன்பாட்டில் போட்டாலே 1.7 வந்துவிடும், தலை ஒன்றே, வால் நீளம்தான் வேறு என்பதால் கலவை கிட்டத்தட்ட இலட்சியக் கலவை மாதிரி நடக்கும். பாலிமரில் முதலில் வருவது சிஎம்சி இல்லை, சிஏசி, அதாவது பாலிமர் மேல் திரளத் தொடங்கும் செறிவு. எதிர்மின் சங்கிலியில் நேர்மின் தலைகள் ஒட்டி, அதன் மேலேயே சின்ன மைசெல்கள் உருவாகின்றன, அதில் நீள வால் சிடிஏபிதான் முந்தும். கடைசி வளைவுதான் தனி மைசெல்.

அரைவேக்காடு: அந்த சிஏசியை ரூபிங் மாதிரியில் (இலட்சியமில்லாத கலவைக்கான கணக்கு முறை) போட்டு, இரண்டுக்கும் இடையிலான ஈர்ப்பைக் காட்டும் பீட்டா எண்ணைக் கணக்கிடலாமா?

கூழ்மம்: வேண்டாம், அதில் பாலிமருக்கு இடமே இல்லை. கலங்கல் மின்சுமைகள் ஈடாகும் இடத்தருகே வருவது, அங்கே எடுத்த புள்ளிகளையும் நம்பாதீர்கள். பிவிபி (பாலிவினைல்பைரோலிடோன்) போட்டுப் பாருங்கள், மின்சுமையில்லாத சங்கிலி, சிஎம்சி பெரிதாக நகராது.