பெரிய நிலக்காட்சி அச்சுகளுக்கு எந்தக் கேமரா?

வணக்கம் நண்பர்களே. மலைக்காட்சிகளை 60 அங்குல அகலத்தில், நல்ல பருத்தித் தாளில் அச்சிட வேண்டும் என்பது என் பல நாள் ஆசை. கையில் இருப்பது 24 மெகாபிக்சல் கேமரா. 6000 பிக்சலை 60 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 100தான் வருகிறது. போன வாரம் ஒன்றை அச்சிட்டுப் பார்த்தேன். ஆறடி தள்ளி நின்றால் அழகு. கிட்டே போனால் தூரத்து மரங்களின் இலைகள் பச்சைக் களிம்பு பூசியதுபோல் கலங்கிக் கிடக்கின்றன. மனசு ஆறவில்லை.

இரண்டு கேமராக்கள் மனதில் இருக்கின்றன. சோனி ஏ7ஆர் 5, 61 மெகாபிக்சல். இதே அகலத்தில் அங்குலத்துக்கு 158 பிக்சல் வரும். ஃபுஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ்100எஸ் 2, 102 மெகாபிக்சல்; 194 வரும், சென்சாரும் பெரிது. ஆனால் லென்ஸ்களோடு சேர்த்து அதைத் தூக்கிக்கொண்டு மலையேற வேண்டுமே! சென்சாரைத் துளித்துளியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக்கும் பிக்சல் ஷிப்ட் முறை எனக்குச் சரிவராது, காற்றில் இலை அசைந்தாலே படம் கெட்டுவிடும்.

இந்த வித்தியாசம் சுவரில் மாட்டிய அச்சில் கண்ணுக்குத் தெரிகிறதா? இல்லை, சோனியோடு நல்ல லென்ஸும் ஆடாத முக்காலியும் இருந்தால் போதுமா? இரண்டிலும் எடுத்துப் பெரிதாக அச்சிட்டவர்கள் சொல்லுங்கள். அப்புறம், லென்ஸின் துளையை எஃப்/16 வரை சுருக்கிக்கொண்டு போனால் கூர்மை எந்த அளவுக்குக் குறைகிறது என்பதையும் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.