லிங்க்ஸ் கோல்ஃப் மைதானத்தில் கடல்காற்று: எத்தனை கிளப் கூட்டுவது?

ஹேண்டிகேப்18
இதுவரை மரங்கள் சூழ்ந்த, மெத்தென்ற தரையுள்ள மைதானங்களில்தான் ஆட்டம். அடுத்து லிங்க்ஸ், அதாவது கடலோர மணல்வெளி மைதானம். மணிக்கு 20 மைல் காற்று இருக்குமாம். என் 7 அயர்ன் (இரும்புத்தலை மட்டை; எண் குறையக் குறையத் தூரம் கூடும்) 150 கெஜம் போகும். எதிர்காற்றில் எதை எடுப்பது? கிரீன் (குழி உள்ள வழுவழுப்பான புல்தரை) அருகே 60 டிகிரி வெட்ஜ் (பந்தை உயரத் தூக்கும் மட்டை) உதவுமா? ஆளுயர பங்கரில் (மணல் பள்ளத்தில்) விழுந்தால்?

எதிர்காற்று
தோராயக் கணக்கு ஒன்று உண்டு. காற்றின் வேகத்தில் ஒவ்வொரு மைலுக்கும், எதிர்காற்று என்றால் தூரத்தில் 1 சதவீதம் கூட்டுங்கள், பின்காற்றுக்கு அரை சதவீதம் கழியுங்கள். 20 மைல் எதிர்காற்றில் 150 கெஜத்தை 180 என்று எண்ணி அடிக்க வேண்டும். பின்னாலிருந்து வீசினால் 135தான். இரண்டையும் சமமாக எடுத்துக்கொள்வதால்தான் பலருக்குக் கணக்கு தப்புகிறது.

180 என்றதும் ஓங்கி அடிக்கத் தோன்றும். வேண்டாம். வேகம் கூடினால் பின்சுழற்சி கூடும். பந்து மேலே எழும்பி, காற்றில் நின்று, முன்னாலேயே விழுந்துவிடும். 4 அயர்ன் அல்லது ஹைப்ரிட் (அயர்னும் மர மட்டையும் கலந்த வகை) எடுங்கள். பிடியை ஓர் அங்குலம் இறக்கி, பந்தை வழக்கத்தைவிட ஒரு பந்து அகலம் பின்னால் வைத்து, முக்கால் ஸ்விங் (வீச்சு). அடித்த பின் கைகள் மார்பு உயரத்தில் நிற்கட்டும். ஸ்விங் சுருங்குவதால் குறையும் தூரத்தை, தாழப் பறப்பதும் இறுகிய தரையில் உருள்வதும் ஈடுகட்டும்.

பம்ப்அண்ட்ரன்
ஒரு பந்து அகலம்தான், அதற்கு மேல் பின்னால் போகாதீர்கள். கிளப் செங்குத்தாக இறங்கி, குறைக்கப் பார்த்த சுழற்சியே கூடிவிடும்.

60 டிகிரியைப் பையிலேயே விடுங்கள். குட்டைப் புல், அடியில் மணல், இறுகிய தரை. பவுன்ஸ் (அடிப்பக்கப் புடைப்பு) அதிகமுள்ள வெட்ஜ் தரையில் பட்டுத் துள்ளும்; முன்விளிம்பு பந்தின் வயிற்றில் அடித்து, பந்து கிரீனைத் தாண்டிப் போகும். முதலில் புட்டர் (பந்தைத் தரையில் உருட்டும் மட்டை), வழியில் புல் தடுத்தால் 8 அயர்ன் சிப் (சிறு தூக்கல் அடி), வெட்ஜ் கடைசி.

மணல்சுவர்
புட்டரும் எங்கும் பத்திரமில்லை, சரிவு எங்கே இழுக்கிறது என்று பாருங்கள். 1978 பிரிட்டிஷ் ஓபன் போட்டியில், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தின் 17ஆம் குழியில் ஜப்பான் வீரர் டாமி நகாஜிமா கிரீனிலிருந்து புட் செய்த பந்துதான் ரோடு பங்கருக்குள் உருண்டது. வெளியேறவே நான்கு அடி, அந்தக் குழிக்கு மொத்தம் 9.

பங்கரின் சுவரை ஒட்டி விழுந்தால் குழியில் நிற்கும் கொடியை மறந்துவிட்டுப் பக்கவாட்டிலோ பின்னோக்கியோ அடியுங்கள். அதற்கும் இடமில்லையா, ஆட முடியாத பந்து என்று அறிவியுங்கள். 1 பெனால்டிக்கு (கணக்கில் கூடும் தண்டனை அடி) பங்கருக்குள்ளேயே டிராப் (பந்தைக் கையிலிருந்து போடுதல்). 2 பெனால்டிக்கு கொடியும் பந்தும் சேரும் கோட்டில் பின்னோக்கி, பங்கருக்கு வெளியே. இந்த இரண்டாம் வழி 2019 விதிகளில் வந்தது. முன்பு அடித்த இடம் கிட்டே இருந்தால் அங்கே திரும்புவதே லாபம், 1 பெனால்டியோடு போகும்.

ஹேண்டிகேப்18
நன்றி. காற்றின் வேகம் அளக்கும் சிறு கருவி கொண்டுபோகலாமா?

மணல்சுவர்
ஆட்டத்தின்போது கூடாது, விதி 4.3. வானிலை அறிக்கை பார்க்கலாம், புல்லைக் கிள்ளித் தூவலாம். பவுடர் தூவக் கூடாது.

எதிர்காற்று
கிரீனில் இன்னொன்று. காற்று பந்தை நகர்த்தினால், ஏற்கெனவே எடுத்துத் திரும்ப வைத்த பந்து பழைய இடத்துக்கே போகும். தொடாத பந்தைப் புது இடத்திலிருந்துதான் ஆட வேண்டும், அது கிரீனை விட்டே உருண்டிருந்தாலும். அதனால் கிரீனுக்குப் போனதுமே பந்து இருக்கும் இடத்தில் குறி வைத்து, எடுத்து, திரும்ப வைத்துவிடுங்கள்.