பறவைக் காய்ச்சல் ஆய்வை முழுமையாக வெளியிட்டது சரியா?

இளவேனில்:
நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் ரான் ஃபூஷியே, அமெரிக்காவின் விஸ்கான்சினில் கவாவோகா என்ற இரு விஞ்ஞானிகளும் எச்5என்1 பறவைக் காய்ச்சல் கிருமியை, பாலூட்டிகளுக்கிடையே காற்றில் பரவும்படி ஆய்வகத்தில் மாற்றினார்கள். அந்நோய் உறுதியான மனிதர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதுவரை இறந்திருந்தார்கள். செய்முறையை நீக்கிவிட்டு வெளியிடுங்கள் என்று 2011 டிசம்பரில் அமெரிக்க உயிரியல் பாதுகாப்பு ஆலோசனைக் குழு சொன்னது. மார்ச்சில் அதே குழு மனம் மாறியது. 2012இல் இரண்டு கட்டுரைகளும் முழுமையாக வெளிவந்துவிட்டன. செய்முறை தீயவர் கைக்கும் போய்ச் சேரும் என்பதால், இது பெரும் பிழை என்றே கருதுகிறேன்.

நுண்ணோக்கி:
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, நண்பரே. ஜப்பானின் ஓம் ஷின்ரிக்கியோ என்ற தீவிரவாத மதக் குழுவிடம் பணத்துக்குக் குறைவில்லை. பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்தவர்களும் இருந்தார்கள். 1993இல் டோக்கியோவின் கமெய்டோ பகுதியில், தங்கள் கட்டடத்து மாடியிலிருந்து ஆந்த்ராக்ஸ் என்னும் கொடிய நோயின் கிருமிக் கலவையைத் தெளித்தார்கள். நாற்றம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஒருவருக்கும் நோய் வரவில்லை. அவர்கள் தெளித்தது விலங்குத் தடுப்பூசிக்குப் பயன்படும் வீரியமற்ற வகை.

இளவேனில்:
அத்தோடு அவர்கள் ஓய்ந்தார்களா? 1995இல் சுரங்க ரயிலில் சாரின் நஞ்சோடு வந்தார்கள். அடுத்த கூட்டமும் தோற்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

கார்மேகம்:
இருவரும் வெளியாட்களையே பார்க்கிறீர்கள். 2001இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் தூள் வைத்த கடிதங்களால் 5 பேர் இறந்தார்கள், 17 பேர் நோயுற்றார்கள். அதைச் செய்தவர் ராணுவ ஆய்வகத்திலேயே பணியாற்றிய விஞ்ஞானி என்பது அந்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் முடிவு. வழக்குத் தொடரும் முன்பே அவர் தற்கொலை செய்துகொண்டதால் நீதிமன்றம் அதைச் சோதிக்கவில்லை. ஆனாலும் எனக்கு அச்சம் தருவது கட்டுரையைப் படிப்பவன் அல்லன், ஆய்வகச் சாவி வைத்திருப்பவன்.

நுண்ணோக்கி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். மறைப்பதால் வரும் இழப்பையும் பாருங்கள். 2020 ஜனவரியில் கொரோனாவின் மரபணு வரிசையைச் சீன விஞ்ஞானிகள் இணையத்தில் வெளியிட்டார்கள். மார்ச் 16 அன்று மாடர்னா தடுப்பூசி முதல் தன்னார்வலருக்குப் போடப்பட்டது. பூட்டி வைத்திருந்தால் எத்தனை மாதம் போயிருக்கும்?

இளவேனில்:
இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். பரவிக்கொண்டிருக்கும் கிருமியின் வரிசையைத் தருவது மருத்துவம். இயற்கையில் இல்லாத வீரியத்தை ஏற்றும் வழியைத் தருவதை அப்படிச் சொல்ல முடியுமா? கனடாவில் ஓர் ஆய்வுக் குழு, வணிக நிறுவனத்திடம் டிஎன்ஏ துண்டுகளை வாங்கியே குதிரை அம்மைக் கிருமியை உருவாக்கிவிட்டது. 2018இல் அதுவும் கட்டுரையாக வந்தது. பெரியம்மைக்கு நெருங்கிய உறவு அது!

கார்மேகம்:
அப்படியென்றால் பிடிக்க வேண்டிய இடம் அந்த விற்பனைதான். யார் வாங்குகிறார், எதற்கு வாங்குகிறார் என்ற சோதனையை எல்லா நாடுகளும் சட்டமாக்க வேண்டும்.

நுண்ணோக்கி:
அதற்கு முழு ஆதரவு. கட்டுரையில் கைவைக்க மட்டும் ஒப்ப மாட்டேன்.

இளவேனில்:
சோதனை வரட்டும், வரவேற்கிறேன். ஆனால் ஃபூஷியேவின் கட்டுரைக்கு ஆலோசனைக் குழுவிலேயே 12 பேர் ஆதரவு, 6 பேர் எதிர்ப்பு. அந்த ஆறு பேரும் அறிவியலுக்குப் பகைவர்கள் அல்லர். நான் அவர்கள் பக்கம்தான்.