வாக்மேன் பெல்ட் மாத்தியும் பாட்டு அலையடிக்குது, யாராச்சும் உதவுங்க

வணக்கம் மக்களே, மாமாவோட பழைய வாக்மேன் (கையடக்க கேசட் பிளேயர்) கைக்கு வந்துருக்கு, ரெண்டு பென்சில் பேட்டரி போடுற டைப், கேசட்ட திருப்பாமலே மறுபக்கம் பாடுற ஆட்டோ ரிவர்ஸ்லாம் கிடையாது. பிளே அமுக்குனா மோட்டார் சத்தம் மட்டும் வந்துச்சு, ரீல் அசையல. கழட்டி பாத்தா பெல்ட் உருகி தார் மாதிரி புல்லி, ஃப்ளைவீல்னு (வேகத்த சீரா வைக்குற கனமான சக்கரம்) எல்லா இடத்துலயும் ஒட்டிக் கெடக்கு, அத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு பட்ஸால தொடச்சு எடுக்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு (கிளவுஸ் போடாம தொட்றாதீங்க, கையவிட்டு லேசுல போகாது).

இப்ப சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கெடச்ச ஒரு சதுர பெல்ட் (குறுக்க வெட்டுனா சதுரமா தெரியுற வகை) போட்டுருக்கேன். ஓடுது, ஆனா சுதி ஆடுது. பேச்சு கேசட்ல அவ்வளவா தெரியல, நாதஸ்வரம் போட்டா கேக்கவே முடியல. ஹெட், கேப்ஸ்டன் (டேப்ப ஓட்டுற சுழலும் கம்பி) கிளீன் பண்ணியாச்சு, பேட்டரியும் புதுசு. டேப்ப கேப்ஸ்டனோட சேத்து அமுக்குற பிஞ்ச் ரோலர் ரப்பர் மட்டும் கெட்டியாகி பளபளன்னு இருக்கு, அதான் காரணமா, இல்ல பெல்ட் சைஸ் தப்பா? மோட்டார் பின்னாடி ஓட்டைக்குள்ள ஸ்பீடு ஸ்க்ரூ இருக்கு, அத திருகுனா மொத்த வேகம்தான் மாறும், ஆட்டம் நிக்காதுல்ல?

பழைய பெல்ட் மிஞ்சல, அதனால புல்லிய சுத்தி நூல் வச்சு அளந்து அதவிட எவ்ளோ கம்மியா வாங்கணும்னும் சொல்லுங்க. ஸ்பீடு செட் பண்ண 3000 ஹெர்ட்ஸ் ஒலி பதிஞ்ச டெஸ்ட் கேசட் சென்னைல யார்கிட்டயாச்சும் இருந்தா ஒரு நாள் கடன் குடுங்கப்பா, பத்திரமா திருப்பித் தர்றேன்.