புதுப்பிப்பு: டயட்டுக்குப் பிறகு முடி கொட்டியது, காரணம் கிணற்றுத் தண்ணீர் இல்லை

பட்டினி டயட்டில் உடம்பு குறைந்த பிறகு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறதே, மார்த்தாண்டத்துக் கிணற்றுத் தண்ணீர்தான் காரணமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலித்தது, 'ஃபெரிட்டின் பாருங்க' என்று ஒரு அக்கா சொன்னதுதான். ஹீமோகுளோபின் சரியாகவே இருந்தது, ஆனால் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரொம்பக் குறைவு. டாக்டர் இரும்பு மாத்திரை எழுதி, டயட்டை நிறுத்தச் சொன்னார். மதியம் சாளை மீனும் பயறும் திரும்ப வந்தன, சாப்பாட்டோடு குடிக்கும் கட்டன் சாயாவைத் தள்ளி வைத்தேன் (தேயிலை இரும்பைச் சரியாகச் சேரவிடாது), மாத்திரையோடு நெல்லிக்காய்.

எதிர்பாராதது: மாத்திரை தொடங்கியும் கொட்டுவது உடனே நிற்கவில்லை. பட்டினி போல உடம்புக்கு ஓர் அதிர்ச்சி வந்து 2, 3 மாதம் கழித்துத்தான் முடி உதிரத் தொடங்குமாம், நிற்பதும் அதே போல மெதுவாகத்தான். புது முடியும் மாதம் சுமார் 1 செ.மீ. தான் வளரும். இப்போது சீப்பில் வருவது நன்றாகக் குறைந்து, நெற்றியோரம் குட்டி முடி குத்திட்டு நிற்கிறது.

பயோட்டின் (முடிக்கென்று பலர் சாப்பிடும் வைட்டமின்) சொன்னவர்களுக்கு: அது சில தைராய்டு ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தப்பாகக் காட்டிவிடும், அதனால் எனக்கு டாக்டர் வேண்டாம் என்றார். அம்மாவின் கையாந்தகரை (கரிசலாங்கண்ணி) எண்ணெய் மட்டும் தொடர்கிறது, அவளிடம் யார் வாதாடுவது!