ஜனவரியில் கேதார்காந்தா: பனியன் துணி தெர்மல் தாங்குமா?

கேள்வி (வியாசர்பாடி)
ஜனவரியில நண்பர்களோட உத்தரகாண்ட்ல கேதார்காந்தா ஏறப்போறேன், 12,500 அடி. நம்ம ஊர்ல ஸ்வெட்டருக்கே வேலை இல்ல, எதை வாங்குறதுன்னு புரியல. எம்.சி. ரோட்டுல பனியன் துணி தெர்மல் (குளிருக்கு உள்ள போடுற உடுப்பு) மலிவா கிடைக்குது. அதுமேல ரெண்டு ஸ்வெட்டர், தடியா ஒரு ஜெர்கின் போட்டா போதுமா?

பதில் (பெரம்பூர்)
தம்பி, முதல்ல அந்தத் தெர்மலை மாத்துங்க. பருத்தி வியர்வையைக் குடிச்சுக்கும், லேசுல காயாது. ஏறும்போது தெரியாது, மூச்சு வாங்க நின்னதும் ஈரத்துணி உடம்புச் சூட்டை இழுத்துடும். லேபிளைப் படிங்க: பாலியஸ்டர் இல்லன்னா மெரினோ கம்பளி, பருத்தி கலப்பே வேணாம். உடம்பை ஒட்டினாப்புல இருக்கணும். ரெண்டு செட் வாங்குங்க. ஒண்ணு நடக்க, இன்னொண்ணு ராத்திரி கூடாரத்துல தூங்க மட்டும், அதை பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வையுங்க.

அதுமேல ஃப்ளீஸ், அதாவது புசுபுசுன்னு இருக்குற பாலியஸ்டர் மேல்சட்டை. ஃப்ளீஸுக்குள்ள காத்து சும்மா புகுந்து போகும், அதனால காத்தும் ஈரமும் புகாத மெல்லிய ஷெல், அதாவது வெளி ஜாக்கெட், அவசியம். அக்குள்கிட்ட ஜிப் வச்சது கிடைச்சா விடாதீங்க. டவுன் ஜாக்கெட், அதாவது இறகு அடைச்ச ஜாக்கெட், முதுகுப் பையில எல்லாத்துக்கும் மேல இருக்கட்டும். ஏறும்போது அதைப் போட்டா வியர்த்து இறகு நனையும். நனைஞ்ச இறகு ஒட்டிப்போய் சூடே தராது. கிளம்பும்போது லேசா குளிரத்தான் செய்யணும், பத்து நிமிஷத்துல சரியாகிடும். நின்ன உடனே, குளிர் ஏறுறதுக்குள்ள, டவுனை எடுத்து மாட்டுங்க.

கேள்வி கேட்டவர்
நன்றிண்ணா. அப்ப ஸ்வெட்டர் வேணாமா? ஷூவுக்கு எத்தனை சாக்ஸ்?

பதில் (தண்டையார்பேட்டை)
நல்ல கம்பளி ஸ்வெட்டர் ஒண்ணு ஃப்ளீஸுக்குப் பதிலாவே போதும். ரெண்டை இறுக்கி மாட்டினா நடுவுல நிக்குற காத்து நசுங்கிடும். சூடு காக்கிறதே அந்தக் காத்துதான். கடையிலேயே எல்லாத்தையும் ஒண்ணுமேல ஒண்ணு போட்டு, கையைத் தூக்கி, குந்தி உட்கார்ந்து பாருங்க. இங்க வெக்கைக்கு அது கஷ்டம்தான், ஆனா இடுப்பு தெரிஞ்சா அளவு பத்தல.

சாக்ஸும் அதே கணக்கு. மெல்லிசு ஒண்ணு, தடிச்ச கம்பளி ஒண்ணு, அவ்வளவுதான். அந்த ரெண்டையும் போட்டுக்கிட்டுதான் ஷூ வாங்கணும், விரல் தாராளமா அசையணும். இறுகினா ரத்த ஓட்டம் குறைஞ்சு விரல் மரத்துப்போகும். கைக்கு மெல்லிய உறை, அதுமேல நாலு விரலும் ஒரே அறையில இருக்குற மிட்டன். ஜிப் போட, ஷூ நாடா கட்ட மிட்டனை மட்டும் கழட்டுங்க.

பதில் (பெரம்பூர்)
ஒண்ணு விட்டுப்போச்சு. உச்சிக்கு விடியுமுன்னாடியே கிளம்புவாங்க, அப்பதான் குளிர் கடுமை. ஜீன்ஸ் மட்டும் கூடவே கூடாது, அதுவும் பருத்திதான். ஊர் திரும்பினதும் டவுனை அதோட சின்னப் பையில அமுக்கி வைக்காதீங்க. நம்ம கடற்கரை ஈரப்பதத்துல பூஞ்சை பிடிக்கும்; நல்லா காயவச்சு தளர்வா தொங்கவிடுங்க.