ஆபீஸ் காதல் நாவலாம், ஆபீஸையே காணோம்

பெயர் வேண்டாம், எழுதியவர் புதியவர் போலிருக்கிறது, பாவம். பெங்களூரு ஐடி கம்பெனியில் நடக்கும் காதல் கதை என்று ஆளாளுக்குச் சொன்னதால், பெல்லந்தூரில் குப்பை கொட்டுகிற எனக்கு ஆசை தாங்கவில்லை. நாயகன் எம்.டி., சின்ன வயசு, எப்போதும் கோபம். நாயகி கோயம்புத்தூர்ப் பெண், அவனுக்கு பி.ஏ.வாகச் சேர்ந்த அன்றே அவன் சட்டையில் காபியைக் கொட்டுகிறாள். அதற்குப் பிறகு கடைசிப் பக்கம் வரை அந்த ஆபீஸில் ஒருத்தரும் வேலை பார்த்ததாகத் தெரியவில்லை. சாஃப்ட்வேர் ரிலீஸ் கிடையாது, ராத்திரி பத்து மணிக்கு அமெரிக்காக்காரனோடு கால் கிடையாது, அப்ரைசல் என்ற பேச்சே கிடையாது.

சாயங்காலம் ஆறு மணிக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் கிளம்பி ஆறேகாலுக்குக் கோரமங்களாவில் காபி குடிக்கிறார்கள். நடுவில் வண்டிகள் அடைத்துக்கிடக்கும் சில்க் போர்டு சந்திப்பை எப்படித் தாண்டினார்கள், பறந்தா? தப்பு என்பதுகூட இல்லை, கதைக்குக் கையில் கிடைத்த வரத்தையே விட்டுவிட்டார் என்பதுதான் என் எரிச்சல். ஆபீஸ் கேபில் பக்கத்துப் பக்கத்து சீட், வண்டி நகரவில்லை, டிரைவர் கன்னடத்தில் யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறார், இங்கே எத்தனை பேருக்குக் காதல் வளர்ந்ததே அப்படித்தான்! ராத்திரி ஷிப்டில் கடைசியாக இறங்குவது பெண் என்றால் முன்சீட்டில் செக்யூரிட்டி வேறு வருவார். அவர் காதில் விழாமல் இரண்டு பேர் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று நாலு பக்கம் எழுதியிருந்தால் போதும், மற்றதையெல்லாம் மன்னித்திருப்பேன்.

மன்னிக்க முடியாதது கேபின் காட்சி. கதவைச் சாத்திவிட்டு அவள் கையைப் பிடித்து இழுத்து, வேலை வேண்டுமா வேண்டாமா என்கிறான், அவளுக்கு வெட்கத்தில் முகம் சிவக்கிறதாம். வேலையிடத்துப் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013-இல் சட்டமே வந்தாயிற்று, பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்தில்கூட புகாரை விசாரிக்க ஒரு குழு இருந்தாக வேண்டும், அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். அந்தச் சட்டத்துக்காக ஆபீஸில் காட்டும் போஷ் டிரெயினிங் வீடியோவை ஓடவிட்டு டீ குடிக்கப் போகிறவனுக்கும் தெரிந்த விஷயம். தனக்குக் கீழே வேலை பார்க்கிறவளிடம் வாயைத் திறந்தால் அவளால் முடியாது என்று சொல்ல முடியுமா, இந்தச் சந்தேகம் அவனுக்கே வர வேண்டாமா? வேறு டீமுக்கு மாற்றிக்கொண்டு அப்புறம் கேட்கலாமா என்று தவிக்க வேண்டாமா? கதையே அங்கேதானே இருக்கிறது.

* * *

சிஸ், நான் பாதியிலேயே மூடிவிட்டேன். எங்கள் டீமில் நடந்ததைச் சொல்கிறேன், இது எவ்வளவோ மேல். அவர் தினமும் ஓசூரிலிருந்து வருகிறவர், அவளுக்குத் திருச்சிப் பக்கம், இங்கே பி.ஜி. ஹாஸ்டலில் இருந்தாள். மீட்டிங்கில் இரண்டு பேரும் நிமிர்ந்துகூடப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். அவர் எழுதின புரோகிராம் கோடு சரிபார்க்க அவளிடம் ரிவ்யூவுக்கு வந்தால் மட்டும் மற்றவர்களுக்குப் போடுவதைவிடக் கூடுதலாகவே கமென்ட் போட்டுத் தாளிப்பாள், எனக்குச் சந்தேகம் வந்ததே அதில்தான். யாரோ எவரோ போலப் பார்த்துக்கொள்வது காதலர்களிடம்தான் உண்டு என்று குறிப்பறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்கிறார், மனுஷன் ஸ்க்ரம் மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பார் போல. ஒருநாள் அவள் வேலையை விடுவதாகப் பேப்பர் போட்டாள். நோட்டீஸ் பீரியட் 90 நாள், அது முழுக்க அதே யாரோ எவரோதான். கடைசி நாள் கேக் வெட்டினதும் அவர் பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து மேனேஜரிடம் நீட்டினார், பக்கத்தில் அவள் வந்து நின்றாள். மேனேஜர் பத்திரிகையை இரண்டு தடவை படித்தார்.

* * *

ரொம்பத் திட்டாதீர்கள் தோழிகளே. வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் சேலம் பஸ் ஏறி உட்கார்ந்தால் கிருஷ்ணகிரிக்குள் பாதி முடிந்துவிடுகிறது. வாரம் முழுக்க ஆபீஸில் கஸ்டமர் புகார் டிக்கெட்டுகளை முடித்து மூடின மண்டைக்கு மறுபடியும் நிஜ ஆபீஸ் எதற்கு? அல்சூரில் இருக்கும் நாயகியின் பாட்டி காய்கறிக்காரரோடு தமிழும் கன்னடமும் கலந்து சண்டை போடும் அத்தியாயம் எனக்குப் பிடித்திருந்தது, நாவலில் பெங்களூரு இருப்பதே அங்கேதான். கேபின் காட்சியை நானும் தள்ளிவிட்டேன், அதற்குச் சாக்கு சொல்ல மாட்டேன்.

இரண்டாம் பாகம் வருகிறதாம். நாயகனின் தம்பி கதை, அவன் ஹெச்.ஆர். மேனேஜராம். யாராவது முதலில் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.